அவள் குதிக்கவில்லை

என் பெயிண்ட் கடைக்கும் பக்கத்து கிரில் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே கிரைண்டர் ஓடினால் இங்கே என் அலமாரி டப்பாக்கள் எல்லாம் பல் தந்தியடிக்கும். அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு பெண் குரல் கேட்கும்.

"யோவ், கதவுக்கு அளவு எடுத்துட்டு வாய்யான்னா ஜன்னலுக்கு எடுத்துட்டு வந்து நிக்கிற. இந்த அளவுல கதவு செஞ்சா அது வழியா நீ போவியா, உன் வீட்டுப் பூனை போகுமா?"

அதுதான் பொறி. பட்டறைக்காரர்கள் வைத்த பேர். வெல்டிங்கில் பறப்பதற்காக வைத்தார்களா, வாயில் பறப்பதற்காக வைத்தார்களா என்று அவளே கேட்டதில்லை. கட்டிய புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு, இரும்புத் தூள் பெருக்கவும் டீ வாங்கி வரவும்தான் முதலில் அந்தப் பட்டறைக்கு வந்தாள். ஒருநாள் வெல்டர் வரவில்லை, வாசலில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார். இவள் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் விளக்குமாற்றை வேறு யாரோதான் எடுக்க வேண்டியிருந்தது.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடத்து வாசலில் ஹாரன் அடிக்கும் லாரிக்காரன், வரிசையில் முந்துகிறவன், பாதி வேலைக்கு முழு நன்றி எதிர்பார்க்கிறவன், யாரையும் விடமாட்டாள். ஆனால் பால் பொங்கி அடங்குகிற மாதிரி அடங்கியும் விடும். திட்டு வாங்கினவனே அரைமணி கழித்து அவளோடு நின்று டீ குடித்துக்கொண்டிருப்பான்.

அடங்காத கோபம் ஒன்று அவளுக்கு வந்தது. அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பொறிக்கு ஒரு தங்கை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வயதானவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, "இப்ப நான் அழகா தெரியறேனா?" என்று கேட்டுச் சிரிப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறையில் எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள். அக்கா யாரையாவது காய்ச்சிக்கொண்டிருந்தால், "போதும்க்கா, பாவம், அவருக்கும் வீடு வாசல் இருக்கு" என்பாள். உலகத்தில் அவள் ஒருத்தி சொன்னால்தான் பொறி வாயை மூடுவாள்.

தங்கை புருஷன் ஒரு பேக்கரியில் வேன் ஓட்டினான். அதிகம் பேசமாட்டான். உடைந்த பிஸ்கட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வரிசைக் கடைகளுக்கெல்லாம் கொடுப்பான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கொஞ்ச காலம் டாக்டர் டாக்டராக அலைந்தார்கள். அப்புறம் அலைச்சலை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் இதை வைத்துத்தான் அத்தனை அநியாயமும் நடந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து நுரையீரலுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காகக் கிடந்தான். பிழைப்பான் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பிழைத்து வந்தான். வந்த மறுவாரமே தங்கை பட்டறைக்கு வந்தாள்.

"அக்கா, மலை மேல இருக்கிற பெரியவருக்குப் போர்வை போடறேன்னு வேண்டிக்கிட்டேன். நீயும் வா."

"ஊசி போட்டது டாக்டரு. போர்வை அவருக்கா?"

"டாக்டருக்கு நீ ஒரு கேட்டு செஞ்சு குடு. நான் வேணாங்கலியே."

எங்கள் ஊர் விளிம்பில் ஒரு கோட்டை மலை இருக்கிறது. கட்டின ராஜா பேரைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்து, எழுதி முடித்ததும் மறந்துவிடும். கீழிருந்து மேல்வரை வளைந்து வளைந்து மதில், ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாசல். உச்சியில், கடைசி வாசலுக்கு உள்ளே, ஒரு தர்கா. எப்போதோ எங்கிருந்தோ வந்து அங்கேயே தங்கி அங்கேயே அடங்கிய ஒரு பெரியவரின் சமாதி. முஸ்லிம்கள் மட்டும் இல்லை, எல்லாரும் போவார்கள். கோட்டை அரசாங்கத்துடையது, அதற்கு அடிவாரத்தில் ஓர் அலுவலகம். தர்கா தர்காக்காரர்களுடையது. ஆனால் கூரையில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் அந்த அலுவலகத்தில் போய் அனுமதிக்கு நிற்க வேண்டும். இந்த இழுபறி எனக்குத் தெரிந்த நாளிலிருந்து உண்டு.

மூன்று பேரும் ஏறினார்கள். தங்கை புருஷனுக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கியது. நடு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பீரங்கி கிடக்கும், அதன் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போங்க அண்ணி. நான் கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கிட்டு மெதுவா வரேன்."

அக்காவும் தங்கையும் மேலே போனார்கள். சமாதி மேல் போர்வை போட்டார்கள். பொறிகூட கண்ணை மூடி நின்றாளாம். வெளியே வந்ததும் அவனுக்குத் தண்ணீர் பிடிக்க இவள் குழாயடிக்குப் போனாள். தங்கை மேற்கு மதிலுக்குப் போனாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே பீரங்கி தெரியும், புருஷன் தெரிவான். அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று அவள் மதிலில் சாய்ந்தாள். மதில் சரிந்தது. கல்லோடு கல்லாக அவளும் போனாள்.

அவன் கண்ணெதிரே.

பட்டறை முதலாளியும் நானும் விஷயம் கேட்டுப் போனபோது பொறி போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் அந்தத் தண்ணீர் பாட்டில். உள்ளே தங்கை புருஷனை நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

"கை ஆட்டினா சார். எனக்குத்தான் ஆட்டினா. சுவத்துல சாஞ்சா, கல்லு போயிடுச்சு."

"கை ஆட்டினாளா? இல்ல, போயிட்டு வரேன்னு சொன்னாளா?"

அப்படிக் கேட்டார் இன்ஸ்பெக்டர். கேட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த கோட்டை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மடிப்புக் கலையாத சட்டையோடு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தை இல்லையாமே?" என்றார் அதிகாரி, ரொம்ப அனுதாபமாக.

பொறி எழுந்து உள்ளே போனாள். "கொழந்தைக்கும் கல்லுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இந்த மாதிரி பொண்ணுங்க மனசுல என்ன இருக்குன்னு கூடப் பொறந்தவங்களுக்கே தெரியாது."

"புருஷன் பொழச்சு வந்தான்னு போர்வை போட வந்தவ சார் அவ. வீட்ல மாவு கரைச்சு வச்சுட்டு வந்திருக்கா. சாகப் போறவ மறுநாள் காலைல சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணுவாளா?"

எழுத வேண்டியதை அவர்கள் ஏற்கனவே எழுதியிருந்தார்கள். குழந்தை இல்லாத மனவருத்தத்தில் தானாகவே குதித்துவிட்டாள் என்று. அந்த மதில் ஆடுகிறது என்று பல தடவை புகார் போயிருந்ததாம். அவள் விழுந்தாள் என்று எழுதினால் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும். குதித்தாள் என்று எழுதினால் பதில் சொல்ல ஆளே கிடையாது. இவ்வளவுதான் விஷயம்.

பொறி கையெழுத்துப் போட மறுத்தாள். தங்கை புருஷனும் மறுத்தான், அதற்குக் கன்னத்தில் இரண்டு வாங்கினான். கடைசியில் பொறியின் அம்மாவை அழைத்து வந்தார்கள். "கையெழுத்து போட்டாத்தான் உடம்பைக் குடுப்பாங்க பாட்டிம்மா" என்று ஒரு போலீஸ்காரர் காதோரம் சொன்னார். மகள் அங்கே ஒரு அறையில் கிடக்கிறாள். எந்த அம்மா யோசிப்பாள்? போட்டுவிட்டாள்.

கையெழுத்துப் போட்ட பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு சிக்கல். தன் கையால் ஒப்புக்கொண்டதை மனசும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. குதித்தாள் என்றால் யாரோ குதிக்க வைத்திருக்க வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கொள்ளிக்கட்டையாக எடுத்துப் போட்டார்கள். ஒரு நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, மருமகனைப் பார்த்து அவள் கேட்டாள்:

"அவளை என்ன சொன்ன நீ? மலடின்னு சொன்னியா? என்ன சொன்ன, சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க அத்தை." அவ்வளவுதான் சொன்னான். செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. போலீஸ் அடிக்கடி தேடி வருகிறது என்று பேக்கரியிலும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பொறி பட்டறைக்கு வந்தாள், வேலை செய்தாள், யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கிரைண்டர் நின்றால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. நான் சும்மா எட்டிப் பார்ப்பேன். முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

"எல்லாரும் என்கிட்ட என்ன சொல்றாங்க தெரியுமாண்ணே? விடு, போனவ போயிட்டாங்கறாங்க. போனதுக்கா நான் அழறேன்? போனவ மேல பொய்யைத் தூக்கி வச்சிருக்கானுங்களே. அவ எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல முடியுமா?"

ஒரு விடுமுறை நாளில் தனியாக மலை ஏறினாள். மதிலில் வாய் பிளந்த மாதிரி அந்த ஓட்டை அப்படியே இருந்தது. குறுக்கே ஒரு கயிறு கட்டி, நடுவில் சிவப்புத் துணி ஒன்றைத் தொங்க விட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு மனுஷன் தன் பிள்ளையை இடிந்த கல்லின் மேல் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! பிள்ளையை எறக்கு!"

"உனக்கு என்னம்மா வந்துச்சு?"

"எனக்கா? என் கூடப் பொறந்தவ இந்த ஓட்டை வழியாத்தான்யா போனா."

அவன் பிள்ளையை அணைத்துக்கொண்டு போய்விட்டான். பொறி அங்கேயே நின்றாள். அப்போதுதான் தர்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரிய பாய் கண்ணில் பட்டார். தர்காவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான், எல்லாரும் பெரிய பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நாளில் அலறல் கேட்டுக் குழாயடியிலிருந்து ஓடி வந்தபோது, இதே இடத்தில், கையில் இதே துடைப்பத்தோடு அவர் நின்றிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"பாய், நீங்க பாத்தீங்கதானே?"

"நான் உள்ள இருந்தேன்மா."

"வெளிய நின்னீங்க பாய். நான் பாத்தேன்."

"வயசாச்சும்மா. ஒண்ணும் ஞாபகம் இல்ல." குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை. பெருக்கின இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கினார்.

பொறி இறங்கி நேராகக் கோட்டை அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மலையின் பெரிய வண்ணப் படம் ஒன்று இருந்ததாம். அதில் மேற்கு மதில் முழுசாக இருந்ததாம்.

"அந்த இடத்துல ஒரு கம்பித் தடுப்பு போடுங்க சார். இன்னொரு பிள்ளை விழறதுக்குள்ள."

"அதெல்லாம் நெனச்ச உடனே பண்ண முடியாதும்மா. பழமையான சின்னம். கம்பி வச்சா அழகு கெட்டுடும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. "அதுவுமில்லாம, தானா குதிக்கிறவங்களுக்கு எத்தனை கம்பி கட்டினாலும் குதிக்கத்தானே போறாங்க?"

இதை அவள் என்னிடம் வந்து சொன்னாள். நான் அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அண்ணே, ரெட் ஆக்சைடு எத்தனை டப்பா வச்சிருக்கீங்க?" இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பூசுகிற பெயிண்ட் அது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் டிபன் டப்பாவைத் திறக்கும்போது அவள் பைப்பை அறுப்பாள். முதலாளி முதலில் முணுமுணுத்தார், அப்புறம் அவரே நல்ல கனமான பைப்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மலைக்கு மேல் வெல்டிங் மிஷின் போகாது என்பதால் தடுப்பைத் தனித்தனித் துண்டாகச் செய்து, மேலே போய் போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி செய்தாள். பெயிண்ட் கலர் கேட்டேன்.

"கல்லு கலர் வேணாம். மஞ்சள் குடுங்க. கண்ணுல குத்தணும்."

வெள்ளிக்கிழமை, தர்காவில் கூட்டம் அதிகமாக இருக்கும் நாள். வேண்டுமென்றேதான் அந்த நாளை எடுத்தாள். காலையில் மினி லாரியை எடுத்துக்கொண்டு முதலில் தங்கை புருஷன் தங்கியிருந்த அறைக்குப் போனோம். சவரம் செய்யாத முகத்தோடு சுவரோரம் படுத்திருந்தான். பொறி போர்வையை உருவினாள்.

"எந்திரி தம்பி. அழுதது போதும். வந்து ஒரு முனையைத் தூக்கு."

"என்னால முடியாது அண்ணி. அந்த மலையை என்னால பாக்கக்கூட முடியல."

"என்னால மட்டும் முடியுதா? கோவம் வரலியா உனக்கு? வரலேன்னா என்னுதுல பாதியைத் தரேன், வாங்கிக்கோ. எந்திரி."

எழுந்து வந்தான்.

இரும்பைத் தூக்கிக்கொண்டு அந்த மலை ஏறியது சாதாரண வேலை இல்லை. முதலாளி, பட்டறை ஆட்கள், நான், தங்கை புருஷன். ஒவ்வொரு வாசலிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். மரத்தடியில் சில இளைஞர்கள் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பொறி நின்றாள்.

"கை ரெண்டும் ஃபோன் புடிக்க மட்டும்தானா? வந்து புடிங்கடா!"

வெட்கப்பட்டுக்கொண்டு வந்து பிடித்தார்கள். அப்புறம் கேட்காமலேயே ஆட்கள் சேர்ந்தார்கள். தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தையல்காரர் போல்ட் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசி வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"பர்மிஷன் இருக்கா?"

"இருக்கே. விழறதுக்குக் கல்லுக்குப் பர்மிஷன் குடுத்தாரே ஒருத்தர், அவர்தான் குடுத்தார்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரமாக ஒதுங்கிக் கீழே ஃபோன் போட்டான். அது அவன் வேலை, குறை சொல்ல முடியாது.

மதிலைத் தொடாமல், ஓட்டைக்கு முன்னால் தரையிலேயே நிற்கிற மாதிரி அகலமான பாதம் வைத்துச் செய்திருந்தாள். நாங்கள் பிடித்துக்கொள்ள, அவள் ஸ்பானரால் முடுக்கினாள். தங்கை புருஷன் ஒரு தடவைகூடக் கீழே பீரங்கி இருந்த பக்கம் பார்க்கவில்லை. கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருக்கும்போது கோட்டை அதிகாரி வந்து சேர்ந்தார், கூட இரண்டு போலீஸ்காரர்கள். ஏறின வேகத்தில் பேச்சு வரவில்லை. வந்ததும் வந்தது இதுதான்:

"கழட்டு! உடனே கழட்டு இதை!"

"நீங்க போடுங்க, நான் கழட்டறேன்."

"அரசாங்கச் சொத்தும்மா இது! உள்ள தூக்கிப் போட்டுடுவேன்."

"சொத்து உங்களுதுன்னா அதுலேருந்து விழுந்து செத்தவ யார் கணக்குல சார்?"

கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். அவருக்கும் மானம் இருக்கிறதே, குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தம்மா தங்கச்சி இங்க விழுந்து சாகல. குதிச்சுச் செத்தா. அவங்க அம்மாவே கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. அதை மறைக்கிறதுக்கு இங்க வந்து நாடகம் ஆடறாங்க."

தங்கை புருஷன் அவர் மேல் பாய்ந்தான். நானும் முதலாளியும் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். பொறி ஸ்பானரை இறுகப் பிடித்திருந்தாள், அதை என்ன செய்யப் போகிறாளோ என்று எனக்கு உயிரே இல்லை. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"குதிக்கலை."

பெரிய பாய். ஆட்கள் விலகினார்கள்.

"குதிக்கலைங்க. நான் பாத்தேன். கைய ஆட்டிக்கிட்டு இருந்துச்சு அந்தப் பொண்ணு. சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. சாஞ்சதும் கல்லு பேந்து போச்சு. சுவத்தைப் புடிக்கக் கைய நீட்டுச்சு. புடிக்க ஒண்ணுமே இல்ல."

அதிகாரி, "பாய், யோசிச்சுப் பேசுங்க" என்றார் மெல்ல.

"இவ்வளவு நாளா யோசிச்சேன் சார். அன்னிக்கே நீங்க சொன்னீங்க, இதுல தலையிடாதே, கூரை பழுதுக்கு அனுமதி வேணுமா வேணாமான்னு. பயந்துட்டேன். கூரை ஒழுகினா ஒழுகட்டும்."

கதை கேட்கிறவர்கள் இந்த இடத்தில் பொறி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் அவர் முன்னால் போய் நின்று கத்தினாள். அந்தக் கத்தல் எதிர் மலையில் போய் மோதித் திரும்பியது.

"இத்தனை நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க? கேட்டேனே, வந்து கேட்டேனே! எங்கம்மா இவனைக் கொலைகாரன்னு சொன்னப்போ எங்க போனீங்க? ஸ்டேஷன்ல இவனை அடிச்சப்போ எங்க போனீங்க? ஒரு கூரை ஓட்டுக்காகவா? மழைத் தண்ணி சொட்டுதுன்னா?"

"மன்னிச்சிடும்மா."

"மன்னிப்பை உள்ள படுத்திருக்காரே, அவர்கிட்ட கேளுங்க. என்கிட்ட இல்ல."

பாய் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அன்று தங்கை புருஷனைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். அவளிடம் இதை நான் பின்னால் ஒரு தடவை சொன்னேன். "நல்லவங்கதாண்ணே வாயை மூடிக்கிட்டு இருந்து கழுத்தை அறுக்கறாங்க" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அன்று அவளைக் கைது செய்யக் கூட்டம் விடவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து அழைத்துப் போய், பழமையான சின்னத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்குப் போட்டுச் சாயங்காலம் விட்டார்கள். மஞ்சள் தடுப்பைக் கழற்றிக் கொண்டுபோய் அலுவலகக் கொட்டகையில் போட்டார்கள். ஆனால் அந்த இளைஞர்கள் பிடித்த படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. பாய் சொன்னது அப்படியே அதில் பதிவாகியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. பாய் மறுபடியும், இந்தத் தடவை உட்கார வைத்துக் கேட்டபோதும், அதையே சொன்னார். கோட்டை அதிகாரிக்குத் தண்டனை ஒன்றும் இல்லை, வேறு ஊருக்கு மாற்றினார்கள். மதிலில் அலுவலகமே ஒரு தடுப்பு போட்டது, கல்லு கலரில். பொறி மேல் போட்ட வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்கிறாள்.

அவள் அம்மா அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டு ஃபோனில் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் மருமகன் அறைக்குப் போனாள். தேடிக்கொண்டு பொறி பின்னால் ஓடினாள். அம்மா வாசலில் நின்று, "நான் கையெழுத்து போட்டுட்டேன்யா" என்றாளாம். அவன், "தெரியும் அத்தை, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டானாம். இதற்கும் பொறிக்குக் கோபம்.

"என்ன மனுஷன்டா நீ? அவங்க சொன்ன சொல்லுக்கு ஒரு வாரமாவது கதவைச் சாத்தி வச்சிருக்க வேணாமா?"

"அவங்களுக்கும் என்னை விட்டா யாரு அண்ணி அவளைப் பத்திப் பேச?" என்றான் அவன்.

ஸ்டேஷனிலிருந்து ஒருநாள் ஆள் வந்தது. அறிக்கையைத் திருத்திவிட்டார்கள், வந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று. நானும் போனேன். தங்கை புருஷன் வாசல் வரை வந்தான். படி ஏறவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் அவன் கால் போகாது.

அதே இன்ஸ்பெக்டர், அதே மேஜை. உட்காரச் சொன்னார், பொறி உட்காரவில்லை. தாளை வாங்கி நின்றபடி சத்தமாகப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"கால் தவறி விழுந்துன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. விபத்துன்னு மாத்திட்டோமே. இதானே நீங்க கேட்டது?"

"அவ கால் தவறல சார். கால் நின்ன எடத்துலதான் நின்னுச்சு. சுவரு தவறிச்சு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒரு வார்த்தைக்காக..."

"ஒரு வார்த்தையாலதான் சார் இவ்வளவும். குதிச்சாங்கறது உங்களுக்கு ஒரு வார்த்தைதானே? கால் தவறின்னா அவ கவனமில்லாதவ. மறுபடியும் தப்பு அவ மேல. மாத்தி எழுதுங்க."

"இனிமே மாத்த முடியாது."

"அப்ப நான் போகல." போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளே விளக்கிச் சொன்னாள், அடங்கின குரலில் இல்லை. மாடு காணாமல் போனவர், பர்ஸைப் பறிகொடுத்தவர், எல்லாரும் தங்கள் புகாரை மறந்துவிட்டு, "ஒரு வார்த்தைதானே சார், எழுதிக் குடுங்களேன்" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்க ஆரம்பித்தார்கள். வெயில் சாயும்போது அவர் தாளை அவள் பக்கம் வீசினார். "பழுதடைந்த மதில் சரிந்ததால் விழுந்து" என்று அடித்து எழுதியிருந்தது. அவள் அதையும் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப திருப்திதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்கு சார்?" என்றாள் பொறி. அவர் முகத்தையே பார்த்தாள். அவர்தான் பார்வையை விலக்கிக்கொண்டார்.

வெளியே வந்தோம். தங்கை புருஷன் எதிர்ப்பக்கம் நடைபாதையில் நின்றிருந்தான்.

"என்ன எழுதியிருக்காங்க அண்ணி?"

"பழுதடைந்த மதில் சரிந்ததால் விழுந்து."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

பொறி திரும்பி, ஸ்டேஷன் வாசலைப் பார்த்து நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.